எண்ணிக்கையில் வராதவர்

ஹிஷ்மத் மூன்றாவது தடவையாக மயங்கி விழுந்தார். மூன்றாவது தடவையும் காரியம் கெட்டுப்போனது.

முதல் தடவை டிராம் நிலையத்து பெஞ்சில் அவர் தலையைத் தொங்கப்போட்டதுதான் தாமதம், அவித்த மொச்சை விற்பவன் கரண்டியோடு ஓடிவந்து விட்டான். தூரத்தில் நின்று நேரம் குறித்த ஷாஹிந்தா பாவம், "நான்கு விநாடி" என்று எழுத வேண்டியதாயிற்று.

"மாமா, இப்படி வந்தா நமக்கு மார்க் வராது," என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு அறுபத்து மூன்று. அலெக்சாந்திரியாவில் ஒரு கல்லூரியில், முதலாண்டு சமூக உளவியல் வகுப்பில், பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள்.

பாடம் எளிமையானதுதான். ஒருவன் விழுந்து கிடப்பதை ஒரே ஒருவர் பார்த்தால் ஓடிப் போவார். நூறு பேர் பார்த்தால் ஒருவரும் போகமாட்டார். இன்னொருத்தர் போவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். இதைத் தெருவில் சோதித்து எழுதி வரச் சொல்லியிருந்தார் பேராசிரியை.

அந்தப் பாடம் நடந்த அன்று ஹிஷ்மத் கைக்குட்டையை முகத்தை விட்டு எடுக்கவேயில்லை. சளி பிடித்திருக்கிறது என்றே வகுப்பு நினைத்தது. மனைவி இக்லால் இறந்தபோது, நாற்பதாம் நாள் வரை மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. நாற்பத்தோராம் நாள் ஒருவரும் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர் மேல்வீட்டுக்காரர் போவார் என்று நினைத்தார். மேல்வீட்டுக்காரர் மகள் வருவாள் என்று நினைத்தார். குவைத்தில் இருந்த மகள், அக்கம்பக்கத்தார் இருக்கிறார்களே என்று நினைத்தாள். மதியம் நகராத காரணத்தால் கல்லூரியில் சேர்ந்தவர் அவர். தன் வீட்டுக் கதைக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை, மனிதர்கள் அப்படித்தான் என்பதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

அதனால் அவருக்கு இந்தச் சோதனை ஜெயித்தாக வேண்டும்.

"கூட்டம் பத்தல. அஞ்சு மணி வண்டி வரட்டும்," என்றார்.

ஐந்து மணி வண்டி வந்தது. அவர் சரிந்தார். இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். ஒருவர் வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் வைத்தார்.

"கண்ணத் திறக்காதீங்க மாமா. தூங்கறவர் மாதிரி சுவரைப் பாத்துப் படுங்க. தூங்கறவர யாரு எழுப்புவா?" என்று காதில் சொல்லிவிட்டுப் போனாள் ஷாஹிந்தா.

அப்படித்தான் மூன்றாவது தடவை சுவரைப் பார்த்து விழுந்தார். மீன் பையோடு போன அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னா லில்லாஹ்" என்று இறந்தவருக்கு ஓதுவதை ஆரம்பித்து விட்டாள். பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"நான் உசுரோடதான் இருக்கேன்."

"அதை டாக்டர் சொல்லட்டும்," என்றார் டிராம் கண்டக்டர். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியிருந்தார். "வீட்டுக்குச் சொல்லணும். போன் எங்க?"

ஹிஷ்மத் சட்டைப்பையைப் பொத்துவதற்குள் மொச்சைக்காரன் எடுத்துக் கொடுத்துவிட்டான். கண்டக்டர் திரையைப் பார்த்தார்.

"இக்லால்னு ஒரே பேருதான் வரிசையா இருக்கு. வீட்டம்மாவா?"

"அதுக்கு அடிக்காதீங்க. அவ எடுக்கமாட்டா."

"சண்டையா?"

"இல்ல. அவ போயிட்டா."

"எங்க, அம்மா வீட்டுக்கா?"

ஹிஷ்மத் வாயைத் திறந்தார். அந்த ஒரு வார்த்தையை அவர் இதுவரை சத்தமாகச் சொன்னதில்லை. இருபது பேர் நடுவிலும் அது வரவில்லை.

"எத்தன நாளாச்சு?" என்றாள் மீன் பை அம்மாள்.

"பதினாலு மாசம்."

"பாவி. வயசான மனுஷன விட்டுட்டு பதினாலு மாசமா போயி உக்காருவா ஒருத்தி?"

கண்டக்டர் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். "எடுத்துட்டாங்க," என்றார். "அலோ, அம்மா, உங்க வீட்டுக்காரர் டிராம் ஸ்டேஷன்ல விழுந்து கிடக்கார். ஆமா, கடற்கரைப் பக்கம். சரி, சரி." போனை நீட்டினார். "கிளம்பிட்டாங்க. பத்து நிமிஷத்துல வந்துடுவாங்களாம்."

"யாரு வர்றா?"

"உங்க வீட்டம்மாதான்."

ஹிஷ்மத் நான்காவது தடவையாக விழுந்தார். "போதும் மாமா, எழுந்திரிங்க, நேரம் முடிஞ்சுது," என்று ஷாஹிந்தா வந்து உலுக்கினாள். அவர் எழவில்லை. அவள் காகிதத்தைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கண் திறந்தபோது தலை யாரோ ஒருத்தியின் தோளில் இருந்தது. நாற்பது வயசிருக்கும். வீட்டுச் செருப்பு. முழங்கையில் நறுக்கிய கீரை ஒட்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் அவளை வசை பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மறுக்கவில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க, நீங்க யாரு?" என்றார் ஹிஷ்மத்.

வசை பாதியில் நின்றது.

"நக்லா," என்றாள் மெதுவாக. "எட்டு மாசம் முன்னாடி புது நம்பர் வாங்கினேன். கம்பெனியில இதத்தான் குடுத்தாங்க. தினமும் சாயங்காலம் ஒருத்தர் கூப்பிடுவார். 'சாப்பிட்டேன், இக்லால். மாத்திரையும் போட்டுட்டேன்'னு சொல்லுவார். நான் வாயத் திறக்கறதுக்குள்ள வெச்சிடுவார்."

ஹிஷ்மத் தரையைப் பார்த்தார். காதுமடல் சிவந்துவிட்டது.

"செத்துப்போன நம்பர்னு நெனச்சேன்மா. மணியடிக்கிறது நின்னதும் பேசிட்டு வெச்சிடுவேன். நீங்க திருப்பிக் கூப்பிட்டு ராங் நம்பர்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் இருந்தேன். அப்புறம் நீங்க சாப்பிடாம விட்டுட்டா?"

கண்டக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நின்றிருந்த வண்டியில் ஒருவர்கூட மணியடிக்கவில்லை. மீன் பை அம்மாள் மட்டும் நக்லாவின் முழங்கைக் கீரையை மெல்லத் தட்டிவிட்டாள்.

ஷாஹிந்தா மூக்கை உறிஞ்சியபடி காகிதத்தைப் பொறுக்கினாள். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. உதவிக்கு வந்தவரிடம் காரணம் கேட்டு நிரப்ப வேண்டும்.

"அக்கா, முன்ன பின்ன தெரியாதவருக்காக அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்திருக்கீங்களே, ஏன்?"

நக்லாவுக்கு அந்தக் கேள்வி புரியவேயில்லை.

"வேற யாரு வருவா? அந்தப் போன்ல நான் ஒருத்திதானே இருந்தேன்."