செக்கிங் அண்ணாச்சி தூங்கிய பாறை

காப்புக் காட்டுக்குள் இரவு தங்க எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். இப்படிப்பட்ட விதிகளைச் சொல்லியே பாதி விருதுநகரைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஆகவே சித்திரையிலேயே மனுப் போட்டேன். ஆடி பிறந்தது, பதில் பிறக்கவில்லை.

மனு செக்கிங் அண்ணாச்சிக்காக. சிவகாசி வட்டாரத்தில் அவர் கை படாத சட்டைப்பையே கிடையாது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவார். முதலாளியையும் தடவுவார். மகள் கல்யாணத்தில் ஹோமகுண்டத்துக்கு இருபுறமும் மணல் வாளி வைத்தவர்.

வேலை முடிந்தும் தூக்கம் மட்டும் வரவில்லை. எங்கோ கதவு அடித்தால் போதும், வெடித்துவிட்டது என்று எழுந்து உட்கார்ந்து, "எந்தப் பக்கம்?" என்பார்.

"ஒரு ராத்திரி மலை ஓடைப் பக்கம் படுக்கணும் சார். தண்ணி இரைச்சல்ல வேற சத்தம் காதுல விழாதுல்ல?"

வன அலுவலகத்தில் கேட்டேன். "போயிட்டு வாங்க சார், ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் கூட வருவாரு. லெட்டர் பின்னாடி வரும்." வாய்மொழி உத்தரவு செல்லாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், கிளம்பிவிட்டேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே சோதனைச் சாவடி. எங்களோடு வரவேண்டிய வனக்காவலர் எங்கள் பையைத் திறக்க வந்தார். அதற்குள் அண்ணாச்சி அவரைத் தடவி லைட்டரை எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நான்தானே உங்களைச் சோதிக்கணும்?"

"காக்கிச் சட்டைன்னா தீப்பிடிக்காதாலே? இங்கனயே வச்சிட்டு வா."

ஏற்றமில்லாத ஜீப் ரோடு; ஓடை கூடவே வந்தது. எனக்கே மூச்சு வாங்கவில்லை. காவலர் தங்கும் கட்டடத்தில் படுக்கலாம் என்றால், அண்ணாச்சி கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"உள்பக்கமா திறக்குது. ஒண்ணுன்னா எப்படி வெளிய ஓடுவீக?"

ஓடைக்கரைப் பாறைக்குப் போனோம். அடுப்பு மூட்டத் தடை. ஆறிப்போன எலுமிச்சை சாதம், டீ கிடையாது. ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுப் படுக்கச் சொன்னார்.

"ஓடுறதுக்கு வழி விட்டுப் படுங்க."

"யானை வந்தா அதுக்கும் வழி வேணுமே அண்ணாச்சி" என்றார் காவலர்.

அண்ணாச்சி அதற்குள் தூங்கிவிட்டார். அவர் குறட்டையில் எங்களுக்கு ஓடைச் சத்தம் கேட்கவில்லை. விடியலில் காய்ந்த கிளையொன்று பாறையில் வெடிபோல முறிந்து விழுந்தது. காவலரும் நானும் துள்ளி எழுந்தோம். அண்ணாச்சி புரண்டு படுத்தார்.

"வெயில் ஏறுது சார், எழுப்பட்டுமா?"

"ஏறட்டும்யா."

அந்த ஒரு தூக்கமும் விதிமீறல் என்று அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அனுமதி இல்லை என்ற பதில் வந்து சேர்ந்தது, தீபாவளிக்கு மறுநாள்.