ஒலிகளுக்கு உரிமையாளர்

மனிதர்கள் எந்த ஒலியில் அதிகமாகச் சொற்களைத் தொடங்குகிறார்கள் என்பதை அறிவது உலக நலனுக்கு இன்றியமையாதது. அதற்காக ஒலியெண்ணியார் ஒன்பது வருஷம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சண்டைபிடித்தவர்கள் முதல் சம்பந்தம் பேசினவர்கள் வரை பதிவுசெய்த பேச்சையெல்லாம் கேட்டு எண்ணித் தீர்த்தார். 'அ' முன்வரிசையில் நின்றது. 'ங' கடைசி, அதுவும் யாரோ கொட்டாவி விட்டபோது வந்தது. அட்டவணையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பி, சகல உரிமைகளையும் அதன் பதிப்பகத்துக்குக் கையெழுத்திட்டுத் தாரைவார்த்தார்.

அப்புறம் அவருடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது.

"அதிகமா வர்ற ஒலியிலதான் பயிற்சியை ஆரம்பிக்கணும். அட்டவணை கொண்டு வாங்க," என்றார் ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சி அம்மாள்.

"'அ'தாங்க மேடம். நானே எண்ணினது."

"நீங்க சொன்னா அது பேச்சு. அச்சுல இருந்தாத்தான் ஆதாரம். ஃபைல்ல வைக்கணும்ல."

ஒலியெண்ணியார் பதிப்பகத்துக்குப் போன் போட்டு அட்டவணையைக் கேட்டார்.

"நீங்க வேலை பாக்கற நிறுவனம் இதழ்ச் சந்தாவை நிறுத்திட்டாங்களே சார்."

"அதை எழுதினதே நான்தாம்மா."

"வாழ்த்துகள் சார்."

"ஒரே ஒரு பக்கம். எங்க அண்ணனுக்கு."

"அண்ணன்களுக்குத் தனிச் சந்தா இருக்கு சார்."

தொகையைக் கேட்டு ஒலியெண்ணியாருக்கே பேச்சு நின்றது. சந்தாவை நிறுத்திய நிறுவனமோ, மிச்சமானதில் வாசலில் ஒரு மின்பலகை வைத்திருந்தது. அதில் அவருடைய கட்டுரைத் தலைப்பு நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடிக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லை. இந்தத் தடவை ஒரு வாரப் பேச்சை மட்டும் புதிதாகப் பதிவுசெய்து, மறுபடி எண்ணி, இன்னோர் இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் கூப்பிட்டார்.

"ஏற்கெனவே வந்த அட்டவணை மாதிரியே இருக்கே சார். காப்பியடிச்சதைக் கண்டுபிடிக்கிற மெஷின் கத்துது."

"ஜனங்க அப்படியேதானே சார் பேசறாங்க."

"அது ஜனங்களோட குறை. எங்களுக்குப் புதுமை வேணும்."

அண்ணி தினமும் போன் பண்ணி, "அச்சு வந்துச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் ஒலியெண்ணியார் மனசைக் கல்லாக்கிக்கொண்டு அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பினார். முதலிடம் 'ங'. கட்டுரை பாராட்டுரையோடு வெளியானது. அம்மாள் அதை ஃபைலில் கோத்து, அன்றைக்கே 'ங'வில் பயிற்சியைத் தொடங்கினார்.

"மேடம், அது தப்பு. நான்தான் மாத்தினேன்," என்று ஒலியெண்ணியார் காலில் விழாத குறையாகச் சொன்னார்.

"உங்களைவிட இதழ்க்காரங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு அட்டவணையும் முரண்படுவதைக் கண்ட பழைய பதிப்பகம், மேன்மைமிகு குழுவொன்றைக் கூட்டி மூன்று மாதம் ஆராய்ந்து, முதல் கட்டுரையைப் பிழையெனத் திரும்பப் பெற்றது. பிழைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம் என்பது அவர்கள் விதி. ஒலியெண்ணியார் உடனே அதைப் பிரதியெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே சிவப்பில் 'பிழை' என்றிருந்தது.

"அச்சுலயே போட்டிருக்காங்களே சார்."

கட்டிலில் அண்ணன் தம்பியைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார். மூன்று மாதப் பயிற்சி வீண்போகவில்லை. மெல்ல வாயைத் திறந்து, தெளிவாக, "ஙே" என்றார்.

அதைவிடப் பொருத்தமான சொல் அந்த அறையில் வேறு யாரிடமும் இல்லை.