பதினைந்து வாட் கௌரவம்

கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே உள்ள ஒரு சிற்றூரில், 1936ஆம் ஆண்டு, பொதுக் குழாய் ஒன்று திறக்கப்படவிருந்தது. குழாய்க்குள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதைச் சுகாதாரச் சபை இன்னும் ஆலோசிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி வேண்டும் என்பது மட்டும் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. அக்குறணையில் கலியாண வீட்டுக்கே ஒலிபெருக்கி வந்துவிட்ட காலம். ஒரு சபை பின்தங்கலாமா?

கண்டியிலிருந்து லோரன்ஸ் என்ற விற்பனையாளர் கருவியோடு வந்தார். சபைத் தலைவர் யாகப்பர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். அவருடைய குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

"இதுக்கு எவ்வளவு மின்சாரம் குடுக்கலாம்?"

"ஆறு வாட்டுங்க."

"யார் தீர்மானிச்சது?"

"யாரும் தீர்மானிக்கலைங்க. உள்ளே ஒரு காகிதக் கூம்பு இருக்கு. அதோட அடியிலே மெல்லிசான செப்புக் கம்பிச் சுருள். மின்சாரம் கூடினா சுருள் சூடாகும். அந்தச் சூடு வெளியே போகாட்டி சுருளை ஒட்டின பசை இளகி, கம்பி கருகிடும். அடித்தொண்டைச் சத்தம் வந்தா கூம்பு ரொம்பத் தூரம் முன்னும் பின்னும் ஆடும். அளவுக்கு மிஞ்சினா கிழிஞ்சிடும். கருகறதா, கிழியறதா, எது முந்துதோ அதுதாங்க எல்லை."

யாகப்பர் யோசித்தார். "அப்ப குழாயைத் திறக்க வர்ற உதவி அரசாங்க ஏசண்டர் பேசினாலும் ஆறு, தோட்டி பேசினாலும் ஆறா?"

"கம்பிக்கு ஆள் தெரியாதுங்க."

"அதுதான் குறை. நாம தெரிய வைப்போம்."

அன்றே விசேடக் கூட்டம் கூடியது. மேற்படி கருவியின் தாங்குதிறன், பேசுவோரின் பதவியைப் பொறுத்தது எனத் தீர்மானிக்கப்பட்டது. உதவி ஏசண்டருக்குப் பதினைந்து வாட், தலைவருக்குப் பத்து, காரியதரிசி அம்புறோஸுக்கு ஐந்து. பொதுமக்களுக்கு அரை வாட். கேள்வி கேட்பதாயின் அதுவும் இல்லை.

விழாவன்று காலையில் உதவி ஏசண்டர் வயிற்றுக் கோளாறால் வரவில்லை என்று தந்தி வந்தது. அவருடைய இடத்தில் பேசுகிறவருக்கு அவருடைய பதினைந்தும் சேரும் என்று யாகப்பர் விளக்கம் கொடுத்தார்.

"கருகிடுமேங்க," என்றார் லோரன்ஸ்.

"கருகக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்க, அம்புறோஸ்."

அம்புறோஸ் போட்டார். கருகினால் இன்னொன்று விற்கலாமே என்று லோரன்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. "சபை விருப்பமுங்க," என்று ஒலி கூட்டும் திருகைத் திருப்பிவிட்டார்.

"மகா ஜனங்களே" என்று யாகப்பர் ஆரம்பித்ததும் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிப் போயின. சனங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீரின் மேன்மையை விளக்கினார். தம் மேன்மையை அதைவிட விரிவாக விளக்கினார். கருகல் நாற்றம் வந்தது. பந்திச் சமையலாக்கும் என்று முன்வரிசை சந்தோஷப்பட்டது. பிறகு 'டர்' என்று ஒரு சத்தம். அதோடு சரி. யாகப்பரின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த நிசப்தத்தில், குடத்தோடு வந்திருந்த வேலாயி கேட்டாள்: "தண்ணி எப்பங்க வரும்?"

ஒரு வாட்டும் இல்லாமல் அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

யாகப்பர் அம்புறோஸைப் பார்த்தார். "கேள்விங்க," என்றார் அம்புறோஸ். கூட்டம் கலைக்கப்பட்டது.

விசாரணை நடந்தது. கருவியை உடைத்துப் பார்த்தார்கள். சுருள் கருகியிருந்தது, கூம்பும் கிழிந்திருந்தது. எது முந்தியது என்பதில் சபை இரண்டுபட்டது. தீர்மானத்தை மீறிய குற்றம் சுருளுடையது என்று கடைசியில் முடிவாயிற்று.

மறுவாரம் சனங்களே ஒரு மனு கொண்டுவந்தார்கள். தண்ணீருக்காக்கும் என்று அம்புறோஸுக்கு வேர்த்துவிட்டது. வாங்கிப் படித்தார். அடுத்த ஊரில் பன்னிரண்டு வாட் ஒலிபெருக்கி வந்துவிட்டதாம். இந்த ஊருக்கு இருபத்தைந்து வாட்டில் வேண்டுமாம்.

மனுவைக் கொண்டுவந்து நீட்டியவள் வேலாயி. "நீயுமா?" என்றார் அம்புறோஸ்.

"பின்னே என்னங்க? ஓடையிலே தண்ணி மொள்ளப் போனா அந்த ஊர்க்காரிங்க சிரிக்கிறாளுங்க."