மஞ்சள் ஸ்வெட்டரில் இரண்டு பிள்ளைகள்

கோவர்தனம்,
வசந்த பஞ்சமி கழிந்த வாரம்.

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் பிரிஜ்கிஷோர் அவர்களுக்கு, ஜான்சி கேதார்நாத் கரே வணங்கி எழுதுவது. கோவர்தன மலையான கிரிராஜர் புண்ணியத்தில் கான்பூரில் நீங்களும் அக்காவும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள். இங்கே நான் நலம். உங்கள் தங்கை ஊர்மிளாவும் நலம்தான், சாப்பிடுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறாள். தந்தி கொடுத்தால் பயந்துவிடுவீர்கள், டிரங்க் கால் போட்டால் அவள் அழுகைதான் கேட்கும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் தெரு திரிவேதி மாஸ்டர் பக்தி யோக யாத்திரை என்று பஸ் ஏற்பாடு செய்தது உங்களுக்குத் தெரியும். பக்தி யோகம் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இல்லை, பகவானோடு ஒரு உறவு வைத்துக்கொள்வது, தாயாகவோ நண்பனாகவோ வேலைக்காரனாகவோ யாத்திரை முடியும்வரை அந்த உறவிலேயே இருக்க வேண்டும் என்று பஸ் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். ஊர்மிளா தாய். அதில் அவளுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் கிருஷ்ணனை, லல்லா என்றுதான் கூப்பிடுவோம், குளிப்பாட்டி உடுத்தி ஊட்டிய பிறகுதான் அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். மளிகைக்கடை குப்தா நண்பன் என்று சொல்லிக்கொண்டு, மதுரா தாண்டியதிலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் பகவானை ‘டேய்’ போட்டுத் திட்டிக்கொண்டு வந்தார். ரயில்வேயில் இருந்தவனாயிற்றே, பழகிய உத்தியோகம் என்று நான் வேலைக்காரனைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த நிமிடம் லல்லாவை உட்கார வைத்திருந்த கூடை என் தலைக்கு வந்துவிட்டது.

மலையைச் சுற்றக் கிளம்பும் முன் பெண்கள் மானசி கங்கைக் குளத்தில் குளிக்கப் போனார்கள். நான் கச்சோரிக் கடைக்குப் போனேன். எச்சில் கை பிள்ளை மேல் படக்கூடாதென்று அந்தக் கடையில் கூடைகளை வைக்கத் தனியாக ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். வசந்த பஞ்சமி என்பதால் பலகையில் இருந்த எல்லா லல்லாவுக்கும் மஞ்சள் ஸ்வெட்டர், மஞ்சள் குல்லாய். சாப்பிட்டு, கை கழுவி, மஞ்சளாக இருந்த கூடையை எடுத்துக்கொண்டு வந்தேன். வெறுங்காலோடு மலையைச் சுற்றி முடித்து, சத்திரத்துக்கு வந்து, ஊர்மிளா ஸ்வெட்டரைக் கழற்றியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

“என் பிள்ளைக்கு மூக்கு இவ்வளவு எடுப்பா இருக்காது. எண்ணெய் தேய்ச்சுத் தேய்ச்சு மழுங்கியிருக்கும். இது யார் வீட்டுப் பிள்ளை?”

நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பித்தளைதான் தெரிந்தது. அதைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவள் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்துப் பயந்துபோய், நிலைமையைச் சமாளிக்க, வசுதேவரும்தானே கூடையில் வைத்துப் பிள்ளையை மாற்றினார், அதற்காக யாராவது பட்டினி கிடந்தார்களா என்று கேட்டேன். சத்திரமே கேட்கும்படி பதில் வந்தது.

“அவரு யமுனையில கழுத்தளவு தண்ணியில இறங்கி, தெரிஞ்சு மாத்தினாரு. நீங்க கச்சோரி தின்னுட்டு தெரியாம மாத்துனீங்க. ஆயுசு பூரா பார்சல் ஆபீசுல உட்கார்ந்த மனுஷன்.”

குப்தா ஆறுதல் சொல்ல வந்தார். “விடுங்க அண்ணி, நம்ம பயதானே, எங்கயாவது ஊர் சுத்தப் போயிருப்பான். பசிச்சா வருவான்.” அவரோடு ஊர்மிளா அதன்பின் பேசவில்லை. மாஸ்டர், பகவான் எல்லாப் பித்தளையிலும் இருக்கிறார் என்று ஆரம்பித்தார். உங்க பையனைக் கோச்சிங் சென்டரில் மாற்றிக் கொடுத்தால் இதையே சொல்வீர்களா என்று கேட்டாள். அவரும் போய்விட்டார்.

கடைக்காரரிடம் விசாரித்ததில், ராஜஸ்தானத்து ஆல்வார் ஊர்க் கோஷ்டி ஒன்று அன்றைக்கு அங்கே சாப்பிட்டுவிட்டு, மலையைச் சுற்றி முடித்து, ராதை பிறந்த ஊரான பர்சானா போனதாகத் தெரிந்தது. டெம்போ பிடித்து பர்சானா போய், சத்திரம் சத்திரமாகச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன். பிள்ளை கிடைக்கவில்லை. எங்கள் பஸ் கிளம்பியது, இவள் ஏறவில்லை. இதற்கு நடுவில், மாறி வந்த பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் கவனிக்கிறாள். ஊரான் வீட்டுப் பிள்ளை நம்மிடம் பட்டினி கிடக்கக் கூடாது, ஆல்வார் என்றால் கம்பு ரொட்டி பழக்கமாக இருக்கும் என்று தேடிப்பிடித்து மாவு வாங்கி வரச் சொன்னாள். நைவேத்தியம் ஆனதும் இவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். பிரசாதத்தை வீணாக்கக் கூடாதே என்று முழுவதையும் நான்தான் சாப்பிடுகிறேன். அதையும் குற்றமாகப் பார்க்கிறாள்.

மச்சான், அவள் முகம் வாடிவிட்டது. எழுந்து நின்றால் சுவரைப் பிடிக்கிறாள். உங்கள் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. தயவுசெய்து கடிதம் கண்டதும் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். பட்டினியை நிறுத்தச் சொல்லுங்கள். என் மேல் இருக்கும் கோபத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள். கிரிராஜர் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், என்னையும் சேர்த்து.

தங்கள் அன்புள்ள,
கேதார்நாத்

பி.கு: தபால் ஆபீஸ் மூடியிருந்ததால் கடிதத்தோடு திரும்பி வந்தேன். வந்து பார்த்தால், சத்திரத்து முற்றத்தில் ஊர்மிளா தட்டு நிறையக் கிச்சடியோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஆல்வார் ஷர்பதி தேவி, அவளுக்கும் ஒரு தட்டு. அந்த அம்மாளும் பட்டினியாம். சொல்லி வைத்த செய்தி கிடைத்து ஓடி வந்திருக்கிறாள். அவரவர் மடியில் அவரவர் பிள்ளை. கம்பு ரொட்டி ஊட்டினீங்களா அக்கா என்று கேட்டு அவள் அழ, என் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ச்சீங்களா என்று கேட்டு இவள் அழ, நான் ஒருவன் வந்து நிற்பது யார் கண்ணிலும் படவில்லை. ஆகவே வர வேண்டாம். ஆனால் மலையை மாற்றான் பிள்ளையோடு சுற்றியது செல்லாது என்று இரண்டு தாய்மார்களும் முடிவு செய்திருக்கிறார்கள். நாளைக் காலை மறுபடி முதலிலிருந்து. கூடை இனி என்னிடம் இல்லை. ஷர்பதி தேவியின் வீட்டுக்காரரிடமும் இல்லை. அவரும் நானும் பின்னால் வந்தால் போதுமாம், வழியில் எந்தக் கடையிலும் நிற்காமல்.