கிணத்துப் படிக்கு ஒரு கைப்பிடி

அழகர் சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். கையில் பிளேன்டீ, காதில் போன் செய்தி, எதிரில் கமோட்.

கமோட் எதிரில் இருந்ததற்குக் காரணம் உண்டு. நாலு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில், முன்னறையில், சுவரோரமாக, பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு. வந்தவர்கள் ஸ்டூல் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். தேர்தல் நேரத்தில் வோட்டுக் கேட்டு வந்த ஒருவர் அதன்மேல் உட்கார்ந்தபடியே தோட்டத்துக்கு என்னென்ன செய்யப்போகிறார் என்று அரைமணி நேரம் சொன்னார். அது இருக்கவேண்டிய இடத்தில் இருந்திருந்தால் இந்தப் பேச்சைக் கேட்கவேண்டி வந்திருக்காது என்று பாக்கியலெட்சுமி அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

பாக்கியலெட்சுமி அழகரின் மனைவி. தேயிலை மலையில் பெண் கங்காணி. முப்பது கொழுந்துக்காரிகளை விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிறுத்தி, யார் எந்த நிரைக்கு என்று பிரித்து அனுப்புகிறவள். குரலை உயர்த்தமாட்டாள். புருவத்தை மட்டும் உயர்த்துவாள். நிரை தானாக நேராகிவிடும்.

அழகர் தேயிலை பேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் மெசின் பார்த்தவர். வேலையிலிருந்து நின்று ஏழு மாதம். மெசின்தான் நின்றது, மனுஷன் நிற்கவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். படுத்தால் கை எதையாவது திருகும். ஹாலிஎல டவுனில் இத்ரூஸ் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் புதுசாக எது வந்தாலும் முதலில் தொட்டுப் பார்ப்பது அழகர்தான். போன மாதம் கை தட்டினால் எரிகிற பல்பு ஒன்றைக் கொண்டுவந்து அடுப்படியில் மாட்டினார். அன்று ராத்திரி பாக்கியலெட்சுமி ரொட்டி தட்ட உட்கார்ந்தாள். ஒரு தட்டுக்கு எரிந்தது, மறு தட்டுக்கு அணைந்தது. இடி மின்னலோடு சுட்ட மாதிரி பத்து ரொட்டி சுட்டு முடித்தாள். மறுநாள் பல்பு இருந்த இடத்தில் பழைய பல்பு இருந்தது. 

இப்போது சபதத்துக்கு வருவோம். மகள் நிரஞ்சலா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வருகிறாள். நாளை மறுநாள் ஞாயிறு இல்லை, அதற்கு அடுத்த ஞாயிறு. லயத்துக்குப் பொதுவான கக்கூஸ் கீழே, முப்பத்தொரு படி இறங்கவேண்டும். நமுனுகுல மலைப்பக்கத்து மழைக்கு அந்தப் படியில் பாசி எப்போதும் பச்சையாக இருக்கும். நிறைமாத வயிற்றோடு பிள்ளை அதில் ஏறி இறங்க முடியுமா. அதனால்தான் வீட்டுக்குப் பின்னாலேயே ஒன்று கட்ட அழகர் நாலு மாதத்துக்கு முன்பு ஆரம்பித்தார். குழி வெட்டியாகிவிட்டது. கல், மணல், டைல், கூரைத் தகரம் எல்லாம் வந்து குவிந்துவிட்டன. சுவர் மட்டும் முழங்காலைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வரிக்கும் போனில் ஒரு வீடியோ பார்ப்பார். ஒரு வீடியோவுக்கு ஒரு சாமான் வேண்டும். சாமான் வாங்க டவுனுக்குப் போனால் அன்றைய வேலை முடிந்தது.

"ஏங்க, ஹீன்பண்டா பாஸைக் கூப்பிடுவோமா. ஒரு கிழமையில முடிச்சிருவாரு."

"மூணு இஞ்சினை ஒரே நேரத்துல ஓட்டுனவன் நான். ஒரு கக்கூஸ் சுவருக்கு இன்னொரு ஆளைக் கூப்பிடவா."

"இஞ்சின் ஓடணும்ங்க. சுவரு நிக்கணும்."

அப்போதுதான் அழகர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சபதம் எடுத்தார். மகள் வந்து இறங்கும்போது சுவர், கூரை, டைல், கதவு எல்லாம் முடிந்திருக்கும். "இதை உங்கப்பன் கட்டினான்" என்று மகளிடம் தன் வாயால் சொல்லாவிட்டால் தன் பேர் அழகர் இல்லை.

பாக்கியலெட்சுமி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள்.

ஹீன்பண்டா கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆள், மேசன் வேலை செய்கிற பாஸ். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். வடக்கில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைப்பற்றிப் பேசமாட்டார். சிமெண்டைப் பற்றித்தான் பேசுவார். கட்டைக் கால் போட்டுக்கொண்டு அவர் வைக்கிற சுவரில் கோலிக்குண்டை விட்டால் நகராது. ஆனால் ஒத்தைக் காலோடு எப்படிச் சாரத்தில் ஏறுவார் என்று சொல்லியே நிறையப் பேர் அவரைக் கூப்பிடுவதில்லை.

இது அழகருக்குப் பொறுக்காது. அந்தக் கொதிப்பு வீட்டில் வராது, இத்ரூஸ் நானாவின் கடையில்தான் வரும். அந்தச் சனிக்கிழமையும் போய் நின்று, நாட்டுக்காகக் காலைக் கொடுத்தவனுக்கு நாடு என்ன கொடுத்தது என்று கேட்டார். பெட்ரோல் வரிசையில் தொடங்கி, தோட்டச் சம்பளம், அமெரிக்கா எல்லாவற்றையும் சுற்றிவந்து ஹீன்பண்டாவின் காலில் முடித்தார். நானா கதிரையைத் துடைத்துப் போட்டார். அழகர் பேசினால் ஏதாவது வாங்காமல் போகமாட்டார் என்பது நானாவுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு வாங்கினார். ஒன்று, சுவரில் சிவப்புக் கோடு போட்டு மட்டம் காட்டும் லேசர். இன்னொன்று, டோர்ச்சும் ரேடியோவும் சேர்ந்து வரும் கைத்தடி. அது ஹீன்பண்டாவுக்கு அன்பளிப்பு.

ஹீன்பண்டா கைத்தடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அமத்தினார். வானிலை அறிக்கை வந்தது. மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அழகர் அண்ணே, எனக்குக் கால்தான் இல்ல. காது ரெண்டும் இருக்கு. சும்மா தாறது எனக்கு வேணாம். தாறதுன்னா வேலை தாங்க."

இதை அழகர் வீட்டுக்கு வந்து வேடிக்கையாகச் சொன்னார். பட்டாளத்துக்காரனுக்கு எவ்வளவு ரோசம் பார் என்றார். பாக்கியலெட்சுமி சிரிக்கவில்லை. கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கீழ்க் கிராமத்தைப் பார்த்தாள்.

அன்று மாலையே அழகர் புது லேசரை வைத்து ஒரு வரி கட்டினார். சிவப்புக் கோடு சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பூனைமேல் விழுந்தது. பூனை கோட்டைத் துரத்தியது. அழகர் பூனையைத் துரத்தினார். வரி முடியும்போது இருட்டிவிட்டது. போனில் ஒருவன் சொன்னபடி, புதுச் சிமெண்டை மூடி வைக்கவேண்டும், ஏழு நாளைக்கு யாரும் கிட்டப் போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். மிச்சத்தையெல்லாம் சனிக்கிழமை ஒரே ராத்திரியில் ஏற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஞாயிறு காலையில் பாக்கியலெட்சுமி தானே நீலத் தறப்பாளைக் கொண்டுவந்து சுவரைச் சுற்றிக் கட்டினாள். புருஷன் சொல்லை இவ்வளவு சுறுக்காகக் கேட்டு அழகர் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் சந்தேகம் வரவில்லை.

"ஏழு நாளும் சும்மாவா இருப்பீங்க," என்றாள் கயிற்றை முடிந்துகொண்டே.

அழகரின் கால் அப்போதே ஆட ஆரம்பித்தது.

"சோமாவதி அக்கா நேத்து குடத்தோட கிணத்துப் படியில சறுக்கப் பாத்தாங்களாம். ஹீன்பண்டா பாஸும் அந்தப் படியிலதான் எறங்கணும். பாவம், ஒரு கைப்பிடி இருந்தா."

சோமாவதி ஹீன்பண்டாவின் மனைவி. அழகர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் அந்த ஆள் உதவியை வாங்கமாட்டாரே என்று இழுத்தார். அதற்கும் பாக்கியலெட்சுமியிடம் பதில் இருந்தது. நாளையிலிருந்து சனிக்கிழமை வரை ஹீன்பண்டா பகலில் வீட்டில் இருக்கமாட்டார். புதுக் காலுக்கு அளவு கொடுக்க கிளினிக்குக்குப் போகிறார். காதும் காதும் வைத்த மாதிரிக் கட்டி முடித்துவிட்டால் வந்து பார்த்து அசந்துபோவார். இந்த மலையில் பட்டாளத்துக்காரருக்கு உருப்படியாக ஒன்று செய்த ஆள் என்று பேர் வரும்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அழகர் கருவிப் பையோடு குறுக்குப் பாதையில் இறங்கினார். ஏழேகாலுக்கு ஹீன்பண்டா தார் ரோட்டு வழியாக, அவருடைய கருவிப் பையோடு, மேலே ஏறினார்.

லயம் முழுக்கத் தெரியும். அழகருக்கு மட்டும் தெரியாது.

கீழே சோமாவதி அவரைப் பார்த்துக்கொண்ட விதம் சொந்தத் தம்பியைப் பார்த்துக்கொண்ட மாதிரி. கிரிபத் என்கிற பால்சோறு, வாழைப்பழம், மணிக்கு ஒருதரம் டீ. புதன்கிழமை சுத்தியலை மறந்துவிட்டேன், வீட்டுக்குப் போய் எடுத்துவருகிறேன் என்று கிளம்பினார். சோமாவதி ஓடிப்போய் அக்கம்பக்கத்தில் மூன்று சுத்தியல் வாங்கி வந்து முன்னால் வைத்தாள். இப்படி மரியாதை தெரிந்த ஜனங்களைத் தான் கண்டதில்லை என்று அழகர் ராத்திரி சொன்னார். பாக்கியலெட்சுமி ஆமாங்க என்றாள்.

மேலே தறப்பாள் வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை இடுப்பு உயரம். வியாழக்கிழமை ஆள் உயரம். ஏன் இப்படி என்று அழகர் கேட்டார். மழைத் தண்ணி தேங்காமல் இருக்க உள்ளே கம்பு நட்டிருக்கிறேன் என்றாள் பாக்கியலெட்சுமி. திறந்து பார்க்கப் போனவரை, ஏழு நாள் யாரும் கிட்டப் போகக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நிறுத்தினாள். சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை அழகர். சோற்றைத் தின்றுவிட்டுச் செய்தி கேட்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆணி வாங்க இத்ரூஸ் நானாவின் கடைக்குப் போனபோது அவருக்கு ரத்தம் கொதித்தது. ஒரு காலுக்கு அளவு எடுக்க ஐந்து நாளா. தையல்காரன் முழுக் களிசானுக்கே ஐந்து நிமிஷத்தில் எடுக்கிறான். இதுதானா பட்டாளத்துக்காரனுக்கு இந்த நாட்டில் கிடைக்கிற கவனிப்பு. நானா, அல்லாவே, ஐந்து நாளா என்று சொல்லிவிட்டு ராக்கைப் பக்கம் திரும்பி ஆணியை எண்ணத் தொடங்கினார். நானாவின் தோள் குலுங்கியது. அன்று காலையில்தான் ஹீன்பண்டா டைல் பசை வாங்கிப் போயிருந்தார்.

சனிக்கிழமை பின்னேரம் கைப்பிடி முடிந்தது. அழகர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்று பார்த்தார். நீளமான இரும்புக் குழாய், ஆறு தூண், லேசர் போட்ட கோட்டில் மயிரிழை பிசகவில்லை. சோமாவதியும் வந்து நின்று பார்த்தாள். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று அழகர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது தறப்பாள் இல்லை.

சுவர் நின்றது. கூரை இருந்தது. நீலக் கதவு. உள்ளே வெள்ளை டைல், வழுக்காத கரடுமுரடான தரை, பிடித்து எழ ஒரு கம்பி. முன்னறையில் நாலு மாதம் கொலுவிருந்த கமோட் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஹீன்பண்டா வாளித் தண்ணியில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கிளினிக் முடிஞ்சிச்சா," என்றார் அழகர். 

ஹீன்பண்டா பாக்கியலெட்சுமியைப் பார்த்தார். பாக்கியலெட்சுமி விளக்கினாள். சும்மா கொடுத்தால் பாஸ் வாங்கமாட்டார். வேறு ஆள் கட்டுவதென்றால் நீங்கள் விடமாட்டீர்கள். கீழ்க் கிராமத்தில் வயல் வேலைக்கு அத்தம் வைப்பார்களே, இன்றைக்கு நான் உன் வயலில் இறங்கினால் நாளைக்கு நீ என் வயலில் என்று, அந்தக் கணக்கில் பேசினேன். அவர் இங்கே ஆறு நாள், நீங்கள் அங்கே ஆறு நாள். யாரும் யாருக்கும் உதவி செய்யவில்லை. ரோசத்துக்கும் குறைச்சலில்லை.

அழகர் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். முதலில் கோபம் வந்தது. அது டைலைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கியது. பிறகு யோசனை வந்தது. நான் அங்கே உழைத்ததற்குப் பதில்தானே அவர் இங்கே உழைத்தார். அப்படிப் பார்த்தால் இந்தச் சுவரில் இருக்கிறது யாருடைய ஆறு நாள். என்னுடைய ஆறு நாள். நினைக்க நினைக்க நியாயமாக இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

ஞாயிறு பத்து மணிக்கு நிரஞ்சலா த்ரீவீலரில் வந்து இறங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தப் படியை நெனச்சுத்தாம்மா வர்றதுக்கே பயந்துகிட்டிருந்தேன். யாரு கட்டுனது?"

அழகர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுக்கு வந்தார். ஆறு நாள் உழைப்பு மகளே, என்றார். அப்பன் உழைப்பு. ஒரு வகையில் பார்த்தா...

"ஆறு இல்லங்க, மூணு," என்றாள் பாக்கியலெட்சுமி, மகளின் பையை வாங்கிக்கொண்டே.

அழகர் திரும்பினார். ஆறு நாளும் தான் விடியற்காலையில் போய்ப் பொழுது சாய வந்ததை லயமே பார்த்தது என்றார்.

"போனீங்க, வந்தீங்க. பாஸ் நேத்து பொழுதுபட என்னையக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. படி கீழ எறங்குது. உங்க கைப்பிடி எறங்காம நேரா போகுது. மேல் படியில இடுப்புக்கு இருக்கு, கிணத்தடியில தலைக்கு மேல இருக்கு. மேல் பாதியப் புடிச்சுக்கலாம். கீழ்ப் பாதியில சோமாவதி அக்கா துணி காயப் போட்டிருக்காங்க."

நிரஞ்சலா சிரிக்காமலிருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழகர் வாயைத் திறந்தார். லேசர் பொய் சொல்லாது என்று சொல்ல நினைத்தார். படி சாய்வு என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"கொழுந்து நிறை பத்தாட்டி மலையில என்ன போடுவோம்," என்றாள் பாக்கியலெட்சுமி. குரல் உயரவில்லை. புருவம் உயர்ந்தது. "அரைப் பேரு. அரை நாள் சம்பளம்தான். ஆறு நாளுக்கு ஆறு அரைப் பேரு, கூட்டினா மூணு நாள். மிச்சம் மூணு நாள் நீங்க பாஸுக்குக் குடுக்கணும். நாளைக்கு ஏழு மணிக்குக் கிணத்தடியில பெரட்டு."

"போறேன். போய் அந்தக் குழாயைச் சாய்வாப் பூட்டிக் குடுத்தாப் போச்சு."

"அதைப் பாஸ் பூட்டிக்குவாராம். நீங்க மணல் மட்டும் அள்ளிக் குடுத்தாப் போதுமாம்."