கதவு ஏறிய ஆட்டோ

சிலுவைமுத்து வீட்டுக் கழிப்பறை கடலுக்குள் இருப்பதாக அரசாங்க செல்போன் சொன்னது.

பொன்னுலிங்கம் மூன்று முறை படம் எடுத்தான். மூன்று முறையும் 'கடல் பகுதி. ஏற்க இயலாது' என்று வந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் புதிதாகக் கட்டிய கழிப்பறைகளைப் படம் எடுத்து, போன் காட்டும் இடத்தோடு சேர்த்து அனுப்புவது அவன் வேலை. ஒப்பந்த வேலை. இந்தக் கடைசிப் படம் ஐந்து மணிக்குள் போகாவிட்டால் நாளை முதல் அதுவும் கிடையாது.

"கடலு அங்க கெடக்கு சாரே. இந்த எழவுக்குக் கண்ணு தெரியாதா?" என்றார் சிலுவைமுத்து.

"தெருவுக்குள்ள போய் எடுப்போம் அண்ணே."

"கக்கூசு எப்பிடி தெருவுக்கு வரும்?"

"கதவு வந்தா போதும். நம்பர் கதவுலதான் இருக்கு. பக்கத்துல நீங்க சிரிச்சிட்டு நிக்கணும். அவ்வளவுதான் ஆபீஸ்ல கேக்கான்."

கதவைக் கழற்றினார்கள். தெருவில் கடல் தொல்லை தீர்ந்தது, சிக்னல் இல்லை. சர்ச் முன்னால் ஒரு கோடு வந்தது. படம் பாதி போய் நின்றுவிட்டது. கதவை ஆட்டோவில் ஏற்றிக் கருங்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள்.

அங்கே முழுச் சிக்னல். சிலுவைமுத்து கதவை நிறுத்திப் பிடித்துச் சிரித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"உள்ள ஆளு உண்டா?"

"இல்ல."

"பின்ன தொறயும் ஓய்!"

நாலு ஐம்பத்தெட்டுக்கு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து போன். பஸ் ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு வீட்டுக் கழிப்பறை பதிவாகியிருக்கிறதாம். பத்து மணிக்கு நாகர்கோவிலிலிருந்து பெரிய அதிகாரியும் அவர் ஆட்களும் நேரில் வந்து சோதிக்கப்போகிறார்கள்.

பொன்னுலிங்கம் சிலுவைமுத்துவைக் கூப்பிட்டான். "அண்ணே, கதவு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வேணும்."

"நேத்து கதவு வாற வரைக்கும் எங்க வீட்டுப் பெண்டுவ உள்ள ஆளு உண்டுன்னு வெளிய தெரிய மாதா பாட்டுல்லா பாடிட்டுக் கெடந்தாவ. இனி ஆணி கூட தரமாட்டேன்."

மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். வேலை போனால் போகட்டும், போலீஸ் வராமல் இருந்தால் சரி.

ஜீப் வந்தது. அது நிற்பதற்குள் குனிந்து கும்பிட்டான்.

"ஐயா, இங்க கக்கூசு கெடையாது. கதவு மட்டும்தான் வந்துச்சு. மன்னிச்சிருங்க."

நிமிர்ந்து பார்த்தான். பின்சீட்டில் யாரும் இல்லை. டிரைவர் இஸ்ரவேல் ஒரு துணிப்பையோடு இறங்கினார். பைக்குள் ஏழு செல்போன்கள்.

"சத்தம் போடாத மக்கா. சாருமாரு எல்லாரும் ஆபீஸ்லதான் உண்டு. நேர்ல வந்து பாத்ததா பதியணும்லா, அதான் போனுவள மட்டும் எங்கிட்ட குடுத்து விட்டாவ."