இருபத்தாறு அங்குல வில்

"இன்னும் இழு" என்றார் வெர்ன்.

"இழுத்தாச்சு."

"இவ்வளவுதானா?"

"வில்லு இவ்வளவுதான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

ரோலண்ட் குஜாவா கடையின் நடுவில் வில்லை இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தார். முழுதாக இழுத்தால் நாண் கன்னத்தின் ஓரத்துக்கு வர வேண்டும். இது மூக்குக்கு நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுகொண்டு, வரமாட்டேன் என்றது. தோள் தூக்கி, முழங்கை மடங்கி, சின்னப் பையனின் சைக்கிளில் ஏறி உட்கார்ந்த பெரிய மனிதர் போல இருந்தார்.

வெர்ன் லிண்ட் இந்த விஸ்கான்சின் ஊரில் நாற்பது வருடமாக வில் விற்கிறவர். சக்கரம் வைத்த இந்தக் காலத்து வில்களைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். இதமாகப் பேச மட்டும் அவருக்கு வராது.

"ரோலண்டு, உன் கைக்கு இழுக்கற நீளம் இருபத்தொன்பதரை அங்குலம் வேணும். இது இருபத்தாறு. சக்கரத்தை மாத்தி வெச்சா இருபத்தேழு வரைக்கும் போகும். அதுக்கு மேல கடவுளே வந்து முடுக்கினாலும் போகாது. இழுவை வேற நாப்பது பவுண்டு. நீ அறுபத்தஞ்சு இழுக்கற ஆளு."

"ஆர்டர் சீட்டுல என்ன போட்டிருக்கு?"

"மார்லீன் குஜாவா, இருபத்தாறு அங்குலம், நாப்பது பவுண்டு. ஷெல்பி எடுத்த ஆர்டர். அவ புள்ளை பெத்துட்டு வீட்ல இருக்கா. ஆனா அவ தப்பா எழுதற பொண்ணு இல்ல."

"ஷெல்பி தப்பா எழுதல. மார்லீன் தப்பா சொல்லியிருப்பா" என்றார் ரோலண்ட்.

மார்லீன் அவர் மனைவி. ஏப்ரலில் வில்லுக்கு ஆர்டர் கொடுத்தாள். ஜூனில், தேவாலயத்துப் பழைய துணி விற்பனைக்காகச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த சட்டையோடு அப்படியே மேசைமேல் சாய்ந்தாள், பிறகு எழுந்திருக்கவேயில்லை. ஆகஸ்டில், ரோலண்டின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால், "உங்க வீட்டம்மா சொன்ன வில்லு வந்திருக்கு" என்று கடையிலிருந்து போன் வந்தது. ரோலண்ட் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறந்தநாள் பரிசு வாங்குவதில் மார்லீனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு சட்டை, அதுவும் ஓர் அளவு சின்னதாக. கல்யாணத்தன்று அவர் இருந்த உருவம் அவள் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் தின்ற பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அவள் கணக்கில் வரவேயில்லை. ரோலண்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுநாளே சத்தமில்லாமல் கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவார். இப்படியே முப்பத்தொரு சட்டை ஆயிற்று.

"மாத்திக் குடுத்துடறேன். பெட்டியப் பிரிச்சா என்ன, பரவாயில்ல" என்றார் வெர்ன்.

"மாத்தறதா இல்ல."

"அப்புறம்?"

"முப்பத்தொன்ன மாத்தினேன். இத மாத்த மாட்டேன். வேட்டை சீசன் ஆரம்பிக்கற சனிக்கிழமை இதத் தூக்கிட்டுத்தான் மரத்துப் பரண்ல ஏறுவேன். இதாலதான் மான் அடிப்பேன்."

"மான் உனக்காகத் தூங்கிட்டு இருந்தா அடிக்கலாம்."

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ரோலண்ட் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். குளிர்பதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில், மார்லீன் கையெழுத்தில் இருந்த பட்டியல் அது.

"கூட என்னென்ன வாங்கணும்னு எழுதி வெச்சிருக்கா. எல்லாம் எடு."

வெர்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். குறிபார்க்க, பளிச்சென்று தெரிகிற குறிமுள்கள். மணிக்கட்டில் கட்டும் இழுவைக் கொக்கி, மெத்தென்று இருக்கட்டும். நாணின் சத்தத்தை அடக்கும் ரப்பர். கையுறை. பரணில் உட்கார மெத்தை, ஒன்று.

"மெத்தை எதுக்கு? போன வருசம்தானே ஒன்னு வாங்கின?"

"எனக்கு மூலம். அவளுக்குத் தெரியும்" என்றார் ரோலண்ட்.

வெர்ன் மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டு மெத்தையை எடுத்து வைத்தார்.

வில் குட்டை என்பதால், கொக்கி மாட்டும் கயிற்று வளையத்தைக் கொஞ்சம் நீளமாகக் கட்டினால் கை பின்னால் போகும் என்று வெர்ன் ஒரு வழி சொன்னார். கட்டினார்கள். கை பின்னால் போயிற்று. ஆனால் நாணில் கோத்திருந்த பார்வைத் துளை கண்ணுக்கு எட்டாமல் முன்னாலேயே நின்றது. அதை எட்ட ரோலண்ட் கழுத்தை நீட்டினார். நீட்டினால் குறிமுள் இரண்டாகத் தெரிந்தது. குறி தெளிவாகத் தெரிய ஒரு கண்ணாடிக் குமிழை மாட்டினார்கள். குமிழின் கனத்தில் வில் இடப்பக்கம் சாய்ந்தது. சாய்வை நிமிர்த்த முன்னால் ஒரு எடைத் தண்டு, தண்டு தலையைக் கீழே இழுத்ததால் பின்னால் இன்னொரு தண்டு. சாயங்காலம் கடையை விட்டு வெளியே வந்தபோது மூன்றரை பவுண்டு வில் ஏழு பவுண்டு ஆகியிருந்தது.

மைத்துனன் நார்ப் முற்றத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். மார்லீனின் தம்பி அவன். வாயை மூடிக்கொண்டிருப்பது அவனுக்குப் பழக்கமில்லை.

"மச்சான், இது வில்லா, கிறிஸ்துமஸ் மரமா?"

"வாய மூடு."

"ஒரு நட்சத்திரம்தான் பாக்கி. உச்சியில வெச்சுடலாம்."

"உங்க அக்கா வாங்கினதுடா."

நார்ப் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான்.

மணிக்கட்டுக் கொக்கியின் பட்டை ரோலண்டின் மணிக்கட்டைச் சுற்றி வரவில்லை. மார்லீன் சொன்னதுபோல மெத்தென்று ஒன்றே ஒன்றுதான் கடையில் இருந்தது, அதுவும் சின்னது. ரோலண்ட் பட்டையின் நுனியில் ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டு, மூச்சைப் பிடித்துக் கட்டினார். ஐந்து நிமிடத்தில் கை நீலம் பூத்தது. விரல் மரத்துவிட்டது. மரத்த விரல் எப்போது கொக்கியின் விசையைத் தொட்டது என்று அவருக்கே தெரியவில்லை.

அம்பு வைக்கோல் இலக்கைத் தாண்டி, திறந்திருந்த கார் கொட்டகைக்குள் போய், உணவை உறையவைக்கும் பெட்டியின் விலாவில் தைத்து நின்றது. உள்ளே ஏதோ புஸ்ஸென்றது.

"விலா பார்த்து அடிச்சிட்டியே மச்சான்! இது மானா இருந்தா முடிஞ்சது கதை."

ரோலண்ட் அம்பைப் பிடுங்கி, ஓட்டையில் நாலு சுற்று ஒட்டுநாடா ஒட்டினார். ஊரில் பாதிச் சாமான்கள் ஒட்டுநாடாவில்தான் உயிரோடிருக்கின்றன, இதுவும் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார். அது பிழைக்கவில்லை. மறுநாள் மாலை மூடியைத் திறந்தபோது உள்ளே எல்லாம் இளகித் தண்ணீர் விட்டிருந்தது.

உள்ளே இருந்தது மான் இறைச்சி அல்ல. மார்லீன் தன் கையால் மாவு பிசைந்து, உருளைக்கிழங்கு வைத்து மடித்த பியரோகிகள். பன்னிரண்டு பை. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் தேதி. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பை என்று ரோலண்ட் கணக்கு வைத்திருந்தார். நவம்பர் வரை அவள் சமைத்துப் போடுவாள் என்று வைத்திருந்தார். இப்போது மூன்று நாளில் தின்று தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போக வேண்டும்.

இரண்டு பேரும் தின்றார்கள். வெண்ணெயில் வெங்காயம் வதக்கிப் போட்டு, காலை, மதியம், மாலை என்று தின்றார்கள். மூன்றாம் நாள் நார்ப் கடைசிப் பையைப் பிரிப்பதற்கு முன்னால் தேதியைப் பார்த்தான்.

"மே பதினொன்னு. இதான் கடைசி."

"வதக்கு."

"வயிறு வெடிச்சுடும் மச்சான்."

"வெடிச்சா வெடிக்கட்டும்."

தட்டைத் துடைத்துவிட்டு நார்ப் கேட்டான். "ஏன் மச்சான், ஒரு தடவையாவது அக்காகிட்ட சட்டை சின்னதுன்னு சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"சங்கடப்படுவா."

"அவளுக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வாங்கினது நீலம், நீ போட்டுக்கிட்டது பச்சை."

ரோலண்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முப்பத்தொரு வருசம் பக்கத்துலயே இருந்தா. என் கை எவ்வளவு நீளம்னு அவளுக்குத் தெரியலையேடா."

அதுதான் அவரை அரித்தது. அவள் போனதைக்கூட ஒருவிதமாக ஏற்றுக்கொண்டிருந்தார். அவள் தன்னைச் சரியாகப் பார்க்கவேயில்லையோ என்ற நினைப்பைத்தான் ஏற்க முடியவில்லை. அப்புறம் நியாயமாக இன்னொன்றும் தோன்றியது. அவர்தான் எப்போது வீட்டில் இருந்தார்? செப்டம்பர் வந்தால் பரண், ஜனவரி வரைக்கும் பரண். ஊரில் வேட்டைக்காரர்களின் மனைவிமாருக்கு 'சீசன் விதவைகள்' என்றே பெயர். முதல் சனிக்கிழமை அவர்கள் கூட்டமாகப் போய்க் குடித்துக் கும்மாளம் போடுவார்கள். மார்லீன் அதற்கும் போனதில்லை. வாசலில் நின்று கையாட்டுவாள்.

போன வருடம் அவர் பூட்சை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை கேட்டாள். "அங்க மேல நாள் பூரா என்ன பண்ணுவ?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

"சும்மா உக்கார்றதுக்கா நாலு மாசம்?"

அதற்கு அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது இப்போது ஞாபகம் வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் ரோலண்ட் விடாமல் பழகினார். நாண் 'டங்' என்று அடித்ததால் சத்தத்தை அடக்க ரப்பர் கட்டினார். ரப்பர் கட்டியதும் அம்பு சோம்பலாகப் பறந்தது.

"மான் கொட்டாவி விட்டு முடிச்சப்புறம்தான் இது போய்ச் சேரும்" என்றான் நார்ப்.

அம்பு தாழ்ந்து விழுந்ததால் குறிமுள்ளை இறக்கினார். இறக்கியதும் அது எடைத் தண்டில் இடித்தது. மார்லீன் சொன்ன கையுறை இரண்டு விரல் வரை போய் நின்றுவிட்டது. புது மெத்தை மட்டும்தான் எந்தத் தொந்தரவும் தரவில்லை. பழைய மெத்தைக்குப் பக்கத்தில், பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை பத்தடி தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து ஆறு அம்பு விட்டார். தட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நார்ப் இந்தத் தடவை கேலி பண்ணவில்லை.

"மச்சான், இதோட நாளன்னிக்கு ஏறினேன்னு வெச்சுக்க, மான் சாகாது. காயம்பட்டு எங்கயாவது போய் மூனு நாள் கெடந்து சாகும். அக்காவுக்கு அது புடிக்குமா?"

ரோலண்ட் வில்லைத் தடவிக்கொண்டே நின்றார். நார்ப் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததும் அழுகை வந்தது. மூக்கைச் சிந்துவது போலப் பாவனை செய்து கொட்டகைக்குள் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, வில்லைப் பழைய பெட்டியில் வைத்து, ஆர்டர் சீட்டோடு கடைக்கு எடுத்துப் போனார். முப்பத்தொரு தடவை இதே மாதிரி ஒரு பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயிருக்கிறார். அப்போதெல்லாம் மார்லீன் ஜன்னலிலிருந்து பார்த்துவிடப் போகிறாளே என்ற பயம் இருக்கும். இன்று அந்தப் பயம்கூட இல்லாமல் போனதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

வெர்ன் மீன் வறுவல் சாப்பிடப் போயிருந்தார். கல்லாவில் ஷெல்பி நின்றிருந்தாள். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மார்போடு கட்டிய துணித்தூளியில் குழந்தை தூங்கியது.

"மிஸ்டர் குஜாவா! என்னை மன்னிச்சுடுங்க. அடக்கத்துக்கு வர முடியல. அன்னிக்குத்தான் இவன் பொறந்தான்."

"தெரியும்மா. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டியை மேசைமேல் வைத்தார். "இத மாத்தணும்."

ஷெல்பி மூடியைத் திறந்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. நாணை விரலால் மெல்லத் தொட்டாள்.

"இது... வந்துடுச்சா? ஏன் மாத்தணும்?"

"அளவு தப்பு. எப்பவும் இப்படித்தான்." ரோலண்ட் சிரிக்கப் பார்த்தார். "பாவம், என் கை நீளம் அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. மூனு வாரமா என்னென்னவோ மாட்டிப் பாத்துட்டேன். முடியல. அவ வாங்கிக் குடுத்ததுல ஒன்னையாவது வெச்சுக்கணும்னு நெனச்சேன்."

குழந்தை முனகியது. ஷெல்பி அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"வெர்ன் உங்ககிட்ட ஒன்னும் சொல்லலையா? ஆமா, அவருக்கும் தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க."

"என்னன்னு?"

"அளவு தப்பே இல்ல மிஸ்டர் குஜாவா, நான்தான் அவங்க கைக்கு நாடாவப் புடிச்சு அளந்தேன். இதோ, நீங்க நிக்கற இந்த இடத்துலதான் ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, வெக்கமா சிரிச்சுக்கிட்டு நின்னாங்க, 'அந்த மனுசன் அங்க மேல சும்மாதான் உக்காந்திருக்காராம், அது எனக்கும் வரும்'னு."